இடைவெளியைப் பார்க்கும் கண்

பேஸ்பாலில் ஒரு ரன் உண்டா இல்லையா என்பது கடைசியில் 17 அங்குல அகலமுள்ள ‘ஹோம் பிளேட்’ என்ற ரப்பர் பலகையில்தான் முடிவாகிறது. அதன் பக்கத்தில் நிற்கும் அம்பயரைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டுமே இந்த இதழில் இடம்.

ரன்னர் ஹோம் பிளேட்டை நோக்கிப் பாய்ந்து வருகிறார். பந்தும் வருகிறது. அம்பயர் எங்கே நிற்க வேண்டும்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

கேட்சரின் கிளவுஸுக்கும் ரன்னரின் உடம்புக்கும் நடுவே உள்ள இடைவெளி எங்கிருந்து கண்ணில் படுகிறதோ, அங்கே.

இவ்வளவு சுருக்கம் வேண்டாம்! அந்த இடத்துக்கு ஒரு முகவரி கிடையாதா?

தொடங்கும் இடத்துக்கு முகவரி உண்டு. முடியும் இடத்துக்குக் கிடையாது.

ஹோம் பிளேட்டுக்கு ஐந்து பக்கங்கள். பிட்சரைப் பார்த்த பக்கம் நேர்கோடு, பின்பக்கம் கூர்முனை. 1900-ல் வந்த வடிவம் இது. முதல் பேஸ் கோடும் மூன்றாம் பேஸ் கோடும் அந்தக் கூர்முனையில்தான் சந்திக்கின்றன. அதற்குப் பின்னால் சில அடி தள்ளி நின்று தொடங்குங்கள் என்று இன்று பல பயிற்சியாளர்கள் சொல்லித் தருகிறார்கள். பந்து எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு கண் கேட்சர் மீது. அவர் எந்தப் பக்கம் சாய்கிறார், எந்தக் கால் முன்னே வருகிறது என்பதைப் படித்து, அவரோடு சேர்ந்து அம்பயரும் இடமோ வலமோ நகர வேண்டும்.

முன்பெல்லாம் நிலையான இடம் குறித்துக் கொடுப்பார்கள். மூன்றாம் பேஸ் கோட்டைப் பிளேட்டுக்குப் பின்னாலும் நீட்டிக்கொண்டு போய் அதன் மேல் நில் என்பது ஒரு கட்சி. ரன்னர் நேரெதிரே ஓடி வருவது தெரியும். முதல் பேஸ் கோட்டை அதேபோல் நீட்டி அங்கே நில் என்பது இன்னொரு கட்சி; ரன்னரைப் பக்கவாட்டில் பார்க்கலாம். இரண்டு கட்சியிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கேட்சர் நகர்ந்த பிறகும் அம்பயர் நகராமல் நின்றால் இரண்டு இடமும் கெட்ட இடம்தான்.

ஒரு காட்சியைப் பாருங்கள். பந்தை வாங்கிய கேட்சர் மூன்றாம் பேஸ் பக்கம் திரும்பிப் பாய்கிறார். ரன்னர் கோட்டுக்கு வெளியே சறுக்கிக் கையை நீட்டிப் பிளேட்டைத் தடவுகிறார். மூன்றாம் பேஸ் கோட்டின் நீட்சியில் அசையாமல் நிற்கும் அம்பயருக்குத் தெரிவது கேட்சரின் முதுகு. இடப்பக்கம் இரண்டு எட்டு வைத்திருந்தால் கிளவுஸ் தனியாகவும் ரன்னரின் கை தனியாகவும் தெரிந்திருக்கும். அமெரிக்க அம்பயர்கள் இந்த இடைவெளியை ‘வெட்ஜ்’ என்கிறார்கள். அதற்குள் பார்வையைச் செலுத்துவதுதான் அம்பயரின் முழு வேலையும்.

பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியாதா?

தெரியாது. ஒருக்களித்த கதவுக்குப் பின்னால் நடப்பதைப் பார்க்க, கதவை ஒட்டி நின்று பயனில்லை. பக்கவாட்டில் ஒரு எட்டு நகர வேண்டும். ஹோம் பிளேட்டிலும் அப்படித்தான். கோணம் முதலில், தூரம் பிறகு.

அருகே போவதால் இன்னொரு கெடுதலும் உண்டு. கிளவுஸ் ஒரு பக்கம், ரன்னரின் கால் ஒரு பக்கம், பிளேட் ஒரு பக்கம் என்று கண் அலைய ஆரம்பித்துவிடும். பத்தடி அளவில் தள்ளி நின்றால் மூன்றும் ஒரே பார்வைக்குள் அடங்கும். கேட்சரும் ரன்னரும் உருண்டு வந்து காலில் விழும் ஆபத்தும் குறையும்.

அப்படிக் காலில் விழுந்த சம்பவம் உண்டா?

உண்டு, உலகமே பார்த்த மேடையில். 1970 அக்டோபர் 10, சின்சினாட்டி. பால்டிமோர் ஓரியோல்ஸுக்கும் சின்சினாட்டி ரெட்ஸுக்கும் உலகத் தொடரின் முதல் ஆட்டம். ஆறாவது இன்னிங்ஸில் ஸ்கோர் 3-3. மூன்றாம் பேஸில் பெர்னி கார்போ. டை க்ளைன் அடித்த பந்து பிளேட்டுக்கு முன்னாலேயே தரையில் பட்டு எழும்பியது. அது கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று பார்க்க அம்பயர் கென் பர்கார்ட் முன்னே வந்து கோட்டின் மேல் நின்றார். அதே கோட்டில்தான் கார்போ ஓடி வருகிறார். கேட்சர் எல்ராட் ஹென்ட்ரிக்ஸ் பந்தை எடுத்துத் திரும்பிப் பாய்கிறார். மூவரும் மோதிக்கொண்டார்கள். அம்பயர் நிலைகுலைந்து சாய்ந்தபடியே திரும்பி ‘அவுட்’ கொடுத்தார்.

புகைப்படங்கள் வேறு கதை சொல்லின. ஹென்ட்ரிக்ஸ் கிளவுஸால் தொட்டார். பந்து இருந்ததோ மற்றொரு கையில். கார்போவும் சறுக்கும்போது பிளேட்டைத் தொடவில்லை. ஓரியோல்ஸ் 4-3 என்று வென்றது.

பர்கார்ட் முன்னே வந்ததைக் குறை சொல்ல முடியாது. பந்து உள்ளேயா வெளியேயா என்பதும் அவர் வேலைதான். அதைச் சொன்ன கையோடு ரன்னரின் வழியை விட்டு விலகி அடுத்த காட்சிக்கான கோணத்துக்குப் போயிருக்க வேண்டும். அதற்குக் காலம் இடம் கொடுக்கவில்லை. இந்த வேலை எவ்வளவு கடினம் என்று யாராவது கேட்டால் அந்தப் படத்தைக் காட்டுங்கள்.

ஓடிக்கொண்டே பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் தவறா?

தவறு. ஓடும்போது தலை ஆடும். தலை ஆடினால் கண்ணில் விழும் காட்சியும் ஆடும். பந்துள்ள கிளவுஸ் ரன்னரைத் தொடும் ‘டேக்’ நடக்கும் நொடியில் அம்பயர் நின்றிருக்க வேண்டும். நல்ல கோணத்துக்கு இன்னும் ஓர் எட்டு பாக்கி இருந்தாலும், ஓடிக்கொண்டு பார்ப்பதைவிட அங்கேயே நின்று பார்ப்பது மேல்.

மாஸ்க்கை ஏன் எப்போதும் இடது கையால் கழற்றுகிறார்கள்?

‘அவுட்’ என்று முஷ்டி காட்ட வலது கை காலியாக இருக்க வேண்டும். பால், ஸ்ட்ரைக் எண்ணும் சிறு கருவியும் இடது கையில்தான் இருக்கும். மாஸ்க்கைக் கழற்றுவதே பக்கப் பார்வை விரியட்டும் என்பதற்காக.

பந்து வீசும்போது மட்டும் அம்பயர் கேட்சருக்கு நேர் பின்னால் நிற்பதில்லையே, ஏன்?

நேர் பின்னால் நின்றால் கேட்சரின் தலைதான் தெரியும். அதனால் பேட்ஸ்மேனுக்கும் கேட்சருக்கும் நடுவே உள்ள சந்தில் தலையை வைத்துக்கொள்கிறார். அதன் பெயர் ‘ஸ்லாட்’. 1905 முதல் 1941 வரை நேஷனல் லீகில் அம்பயராக இருந்த பில் க்ளெம் இந்த முறையோடு சேர்த்துப் பேசப்படும் பெயர். 18 உலகத் தொடர்களில் நின்றவர். 1953-ல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது. மார்புக் கவசத்தைச் சட்டைக்குள் அணியும் வழக்கத்துக்கு வலு சேர்த்தவரும் அவரே.

கவசத்துக்கும் நிற்கும் இடத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அமெரிக்கன் லீக் அம்பயர்கள் காற்றடைத்த பெரிய கவசத்தைக் கையில் பிடித்து அதன் பின்னால் நின்றார்கள். அதோடு சந்துக்குள் நுழைய முடியாது. கேட்சரின் தலைக்கு மேலாகத்தான் எட்டிப் பார்க்க வேண்டும். 1977 முதல் புதிதாக வந்தவர்களுக்கு அந்த வெளிக்கவசம் கிடையாது. பழையவர்களில் கடைசியாக அதைப் பிடித்திருந்த ஜெர்ரி நியூடெக்கர் 1985-ல் ஓய்வு பெற்றார். போட்டுக்கொள்ளும் கருவியே நிற்கும் இடத்தைத் தீர்மானிக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பிட்சர் வீசும்போதே ரன்னர் ஓடி வந்து ஹோம் பிளேட்டையே ‘திருடினால்’? நகர நேரம் ஏது?

நேரம் கிடையாது; பந்து கிளவுஸில் விழும்வரை நகரவும் கூடாது. மற்ற பாய்ச்சல்களில் அம்பயருக்கு ஒரு வேலை. இதில் இரண்டு. பிட்சர் வீசிய பந்து பாலா ஸ்ட்ரைக்கா என்று பார்க்க வேண்டும், அடுத்த கணமே டேக்கையும் பார்க்க வேண்டும். கேட்சர் பந்து வருவதற்கு முன்பே பிளேட்டின் மேல் ஏறி நின்று பேட்ஸ்மேனை மறித்தால் அதையும் கவனிக்க வேண்டும்; அப்படிச் செய்தால் பேட்ஸ்மேனுக்கு முதல் பேஸ், பிட்சர் மீது ‘பாக்’ குற்றம். ஆகவே சந்திலேயே இருந்து, பந்து கிளவுஸில் விழுந்ததும் ஓர் எட்டு பக்கவாட்டில் வைத்துப் பார்ப்பதுதான் வழி.

1955 செப்டம்பர் 28, யாங்கி ஸ்டேடியம், உலகத் தொடரின் முதல் ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ். டாட்ஜர்ஸின் ஜாக்கி ராபின்சன் ஹோமைத் திருடினார். யாங்கீஸின் பிட்சர் வைட்டி ஃபோர்ட், கேட்சர் யோகி பெர்ரா. அம்பயர் பில் சம்மர்ஸ் கையை விரித்து ‘சேஃப்’ என்றார். பெர்ரா துள்ளிக் குதித்துச் சண்டை போட்டார். அந்த ஆட்டத்தை யாங்கீஸ் 6-5 என்று வென்றது, தொடரை ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ் வென்றது. 2015-ல் இறக்கும்வரை பெர்ரா ‘அவுட்’ என்றே சொன்னார். படச்சுருளைப் பார்த்தவர்கள் இன்றும் இரண்டு அணியாகப் பிரிகிறார்கள். சம்மர்ஸுக்கு அந்தச் சுருள் இல்லை. ஒரு கணமும் ஒரு கோணமும்தான் இருந்தன. அதற்குள் தயங்காமல் தீர்ப்புச் சொன்ன அந்த மனிதரை நான் மதிக்கிறேன்.

கேட்சர் மீது முட்டி மோதுவது இப்போது ஏன் குறைந்துவிட்டது?

எலும்பு முறிந்த பிறகு விதி வந்தது. 1970 ஆல் ஸ்டார் ஆட்டத்தில் பீட் ரோஸ் மோதியதில் ரே ஃபாசியின் தோள் அடிபட்டது. அதன் பிறகும் நாற்பது ஆண்டுகள் மோதல் ஆட்டத்தின் பகுதியாகவே இருந்தது. 2011 மே 25 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் ஸ்காட் கஸின்ஸ் மோதியதில் பஸ்டர் போஸியின் கால் எலும்பு முறிந்து, கணுக்கால் தசைநார்கள் கிழிந்தன. 2014 பருவத்துக்கு முன் விதி மாறியது. மோதுவதற்காக ரன்னர் தன் வழியை விட்டு விலகக் கூடாது. பந்து கையில் இல்லாத கேட்சர் ரன்னரின் வழியை மறிக்கக் கூடாது, வரும் பந்தைப் பிடிக்கவே அங்கே வர வேண்டியிருந்தால் தவிர.

இதனால் அம்பயரின் வேலை கூடிவிட்டது. முன்பு பந்து வந்த பிறகு நடப்பதைப் பார்த்தால் போதும். இப்போது பந்து வருவதற்கு முன்பே கேட்சரின் பாதம் எங்கே இருக்கிறது, ரன்னருக்கு வழி விட்டிருக்கிறாரா என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். கேட்சருக்கு நேர் பின்னால் நிற்பவருக்கு அந்தப் பாதம் தெரியாது. நகர இன்னொரு காரணம் இது. வீரர்களின் எலும்பு காக்கும் இந்த வேலையை அம்பயர்கள் முழு மனதோடு செய்ய வேண்டும்.

ரன்னர் பிளேட்டைத் தொடவில்லை, கேட்சரும் ரன்னரைத் தொடவில்லை. அம்பயர் என்ன காட்டுவார்?

எதுவும் காட்டக் கூடாது. ‘சேஃப்’ என்று கை விரித்தால் ரன்னர் தொட்டதாகச் சொல்லிவிடுகிறோம். கேட்சர் முயற்சியை விட்டுவிடுவார். சும்மா நின்றால் இரண்டு பேருக்கும் நியாயமான வாய்ப்பு. ரன்னர் திரும்பி வந்து தொடலாம், கேட்சர் ஓடிப் போய்த் தொடலாம். ரன்னர் கவலையின்றித் தன் பெஞ்சுக்குப் போய்க்கொண்டிருந்தால், கேட்சர் பந்தோடு பிளேட்டை மிதித்து முறையிடலாம். ஆகவே அம்பயர் பிளேட்டின் மேல் கண் வைத்தபடி காத்திருக்கிறார்.

2007-ல் மேட் ஹாலிடே தொட்டாரா, தொடவில்லையா?

அக்டோபர் 1, டென்வர். கொலராடோ ராக்கீஸும் சான் டியேகோ பாட்ரெஸும் அடுத்த சுற்றுக்குப் போக மோதிய ஆட்டம், 13-ஆவது இன்னிங்ஸ். ஜேமி கேரல் தூக்கி அடித்த பந்தை வலப்பக்கத்தில் பிடித்த பிரையன் ஜைல்ஸ் ஹோமுக்கு எறிந்தார். ஹாலிடே தலை முன்னே பாய்ந்தார். கேட்சர் மைக்கேல் பாரெட்டின் கால் பிளேட்டின் முன்னால். பந்து அவர் கிளவுஸில் நிற்கவில்லை. அம்பயர் டிம் மெக்லெலண்ட் சற்று நிதானித்தே ‘சேஃப்’ காட்டினார். ராக்கீஸுக்கு 9-8 வெற்றி.

கை பிளேட்டில் பட்டதா என்று படங்களை வைத்து இன்றும் வாதாடுகிறார்கள். நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அந்த ஒரு அங்குலம் தெரியும் கோணம் அந்த மைதானத்தில் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று மட்டும் வீடியோவைப் போட்டுப் பாருங்கள். பிளேட்டுக்கும் கைக்கும் குறுக்கே ஒரு கால் இருக்கும்போது நல்ல இடமும் ஓரளவுக்குத்தான் உதவும்.

பந்து கேட்சரைத் தாண்டிப் பின்சுவர் வரை ஓடிவிட்டால்?

முதலில் கேட்சருக்கு வழி விடுங்கள். அவர் திரும்பி ஓடும்போது அம்பயர் குறுக்கே நின்றால் ஆட்டத்தைக் கெடுத்தவர் அம்பயரே. பந்து ஓடிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஒதுங்குங்கள். பிளேட்டைக் காக்க இப்போது பிட்சர் ஓடி வருவார். எறிதல் பின்னாலிருந்து வரும், ரன்னர் முன்னாலிருந்து வருவார், காட்சி தலைகீழ். ஆனால் தேட வேண்டியது அதே இடைவெளிதான்.

இரண்டு பேர் அவுட். ஒரு ரன்னர் ஹோமைக் கடக்கிறார், இன்னொருவர் இரண்டாம் பேஸில் டேக் ஆகி அவுட். ரன் சேருமா?

மூன்றாவது அவுட்டுக்கு முன் ஹோமைத் தொட்டிருந்தால் சேரும். ஆனால் அந்த மூன்றாவது அவுட் கட்டாய ஓட்டத்தில் வந்த ‘ஃபோர்ஸ்’ அவுட்டாகவோ, பேட்ஸ்மேன் முதல் பேஸை அடையும் முன் ஆனதாகவோ இருந்தால் சேராது.

இங்கே பிளேட் அம்பயருக்கு வேறொரு கோணம் தேவை. ஹோம் பிளேட்டும் அவுட் ஆகப்போகும் பேஸும் ஒரே பார்வைக் கோட்டில் வரும்படி பின்வாங்கி நிற்க வேண்டும். தலையைத் திருப்பினால் எது முதலில் நடந்தது என்பது போய்விடும். ரன் சேர்ந்தால் பிளேட்டைச் சுட்டிக்காட்டி, ஸ்கோரர் காதில் விழும்படி உரக்கச் சொல்ல வேண்டும்.

பள்ளி ஆட்டங்களில் இரண்டே அம்பயர்கள். எப்படிச் சமாளிக்கிறார்கள்?

கால்களால். பெரிய லீக் ஆட்டத்தில் நான்கு பேர். பிளேட் அம்பயர் மூன்றாம் பேஸுக்குப் போனால் முதல் பேஸ் அம்பயர் ஹோமுக்கு வந்துவிடுவார். இரண்டு பேர் ஆட்டத்தில் அந்த வசதி இல்லை. முதல் பேஸில் ரன்னர் இருந்து பந்து வெளிக்களத்துக்குப் போனால், பிளேட் அம்பயர் கோட்டுக்கு வெளியே மூன்றாம் பேஸ் பக்கம் ஓட வேண்டும். அங்கே எறிதல் தவறி ரன்னர் ஹோமுக்குக் கிளம்பினால், அவருக்கு முன்னால் திரும்பி ஓடி வர வேண்டும். கவசம், மாஸ்க், கால்காப்பு எல்லாவற்றோடும். அடுத்த முறை அவரைப் பார்த்துக் கத்துவதற்கு முன் அந்தத் தூரத்தை ஒருமுறை நடந்து பாருங்கள்.

கிரிக்கெட் ரன் அவுட்டும் இதே கதைதானே?

பாதிக் கதை. பந்து வீசும் முனை அம்பயர் ஸ்டம்புக்குப் பின்னாலிருந்து பக்கவாட்டுக்கு ஓடுவதும் கோணத்துக்காகவே. ஆனால் கிரீஸ் கோடு அசையாது, ஸ்டம்பும் அசையாது. எங்கே ஓட வேண்டும் என்று முன்கூட்டியே தெரியும். ஹோம் பிளேட்டில் டேக் செய்யும் கிளவுஸே நகர்கிறது. அதனால்தான் இங்கே மனப்பாடம் உதவாது, கேட்சரைப் படிக்கும் பழக்கம் வேண்டும்.

ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் பெண்கள் நின்றிருக்கிறார்களா?

நின்றிருக்கிறார்கள். 2025 ஆகஸ்ட் 9 அன்று மேஜர் லீகின் வழக்கமான பருவ ஆட்டத்தில் நின்ற முதல் பெண் அம்பயரானார் ஜென் பவல். மறுநாளே ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நின்றார். இவ்வளவு தாமதமானது வருத்தம். வந்தது பெருமகிழ்ச்சி.

வீடியோ மறுபார்வை வந்துவிட்டது. இனி அம்பயர் எங்கே நின்றால் என்ன?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குக் கோபம் வரும்!

2011 ஜூலையில் அட்லாண்டாவில் பைரேட்ஸுக்கும் பிரேவ்ஸுக்கும் ஆட்டம் 19-ஆவது இன்னிங்ஸ் வரை போனது. ஹோமுக்குச் சறுக்கிய ஹூலியோ லூகோவைக் கேட்சர் மைக்கேல் மெக்கென்ரி முன்னே வந்து டேக் செய்யப் பாய்ந்தார். அம்பயர் ஜெர்ரி மீல்ஸ் ‘சேஃப்’ என்றார். பிரேவ்ஸ் 4-3 வெற்றி. அது தவறான தீர்ப்பு என்று மேஜர் லீக் நிர்வாகம் பிறகு ஒப்புக்கொண்டது. இப்படிப்பட்ட இரவுகளுக்காகவே 2014-ல் மறுபார்வை விரிவுபடுத்தப்பட்டது. நல்ல மாற்றம், வரவேற்கிறேன்.

ஆனால் விதியைக் கவனியுங்கள். தெளிவான சான்று இருந்தால்தான் மைதானத் தீர்ப்பு மாறும். கேமராவும் ஓர் இடத்தில்தான் நிற்கிறது. முதுகு மறைத்தால் அதற்கும் தெரியாது. அப்போது நிலைப்பது அம்பயர் சொன்னதே. 2026 பருவம் முதல் பால், ஸ்ட்ரைக் தீர்ப்பையும் இயந்திரத்திடம் முறையிடலாம் என்று முடிவானது. அதுவும் முறையீடுதான், முதல் தீர்ப்பு மனிதருடையது. உலகில் நடக்கும் பெரும்பாலான பேஸ்பால் ஆட்டங்களில் கேமராவே கிடையாது. பத்து வயதுக் குழந்தை சறுக்கி எழுந்து அம்பயர் முகத்தைப் பார்க்கும்போது, அங்கே நியாயம் என்பது அந்த மனிதர் நின்ற கோணம் மட்டுமே.

நியூ ஜெர்சியில் இருக்கிறேன். மகனின் லிட்டில் லீகில் வரும் சனிக்கிழமை முதன்முறையாகப் பிளேட் அம்பயராக நிற்கப் போகிறேன். என்ன செய்யட்டும்?

வாழ்த்துகள். உங்களைப் போன்ற தன்னார்வலர்களால்தான் அந்த லீக் 1939 முதல் ஓடுகிறது. அங்கே பேஸ்களுக்கு நடுவே 60 அடிதான், பெரியவர்களுக்கு 90. எல்லாம் சீக்கிரம் நடந்து முடியும், ஆகவே சீக்கிரம் நகருங்கள். உங்கள் பிரிவின் விதிகளை முன்பே படித்துவிடுங்கள். பந்தோடு காத்திருக்கும் கேட்சர் மீது குழந்தைகள் முட்டக் கூடாது. சறுக்க வேண்டும் அல்லது விலகிச் செல்ல முயல வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிரிவு வரை ஹோமை நோக்கித் தலை முன்னே பாய்ந்தால் அவுட்.

ஆட்டத்துக்கு முன் வீட்டு முற்றத்தில் ஒரு பயிற்சி. மகன் கேட்சர், இன்னொரு பிள்ளை ரன்னர். பந்தை நாலா பக்கமிருந்தும் மெதுவாக எறியச் சொல்லுங்கள். ‘அவுட்’, ‘சேஃப்’ எதுவும் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு முறையும் “இடைவெளி தெரிந்ததா?” என்று மட்டும் உங்களையே கேளுங்கள். தெரியவில்லை என்றால் எந்தப் பக்கம் ஓர் எட்டு வைத்திருக்க வேண்டும் என்று கண்டுபிடியுங்கள். கால் பழகிய பிறகு தீர்ப்புக்கு வாருங்கள்.

சனிக்கிழமை, டேக் முடிந்ததும் உடனே கையைத் தூக்காதீர்கள். பந்து கிளவுஸில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு உரக்கச் சொல்லுங்கள்.